ஞாயிற்றுக்கிழமைத் துடிப்பு

ஜனவரி 8

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் நலம், அம்மாவும் பரவாயில்லை. மலைமேல் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது.

'பரவாயில்லை' என்று படித்ததும் உன் புருவம் மேலே ஏறியிருக்கும். பயப்படாதே. போன மாதம் அம்மாவுக்குச் சமையலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்து, அடுப்பருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் நடுநடுவே தாளம் தப்புகிறது, அது எப்போது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை அம்மாவின் நெஞ்சில், தோள் எலும்புக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்பையும் பதிந்துகொள்ளுமாம். படுத்திருக்கிறாளா நடக்கிறாளா என்பதுகூட அதற்குத் தெரியுமாம். மயக்கமாக வந்தால் அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. அம்மா அதை ஒருமுறைகூட அழுத்தவில்லை. கேட்டால், சும்மா எதற்கு அதைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்கிறாள். என்னைத் திட்டும்போது மட்டும் அதன்மேல் கையை வைத்துப் பொத்திக்கொள்கிறாள், டாக்டர் காதில் விழுந்துவிடுமாம்.

ஒரே ஒரு விஷயம். அந்தக் கருவி நெஞ்சில் இருக்கும்வரை பக்கத்தில் போன் பேசக் கூடாதாம், பதிவு குழம்பிவிடுமாம். அதனால் கொஞ்ச காலத்துக்கு நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம். கடிதம் எழுது. அம்மாவுக்குக் கண் மங்கலாகிவிட்டதால் நான் படித்துக் காட்டுகிறேன். மாடிப்படியில் இறங்கவோ ஏறவோ கூடாது என்று நானே கட்டளை போட்டிருக்கிறேன். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பவன் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்

ஜனவரி 25

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் சுகம். உன் கடிதம் பார்த்ததிலிருந்து அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நீ கவனிக்கிறாயா, இல்லை அவள்தான் உன்னைக் கவனிக்கிறாளா?

மலையைக் குடைந்து போடுகிற சுரங்கப்பாதை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. உள்ளே தோண்டுகிறவர்களின் துணியெல்லாம் எங்கள் சலவைக் கொட்டகைக்குத்தான் வருகிறது. பாறைத் தூள் மெஷினின் வடிகட்டியை அடைத்துக்கொண்டு உயிரை வாங்குகிறது. எத்தனை தடவை துவைத்தாலும் தண்ணீர் சாம்பல் நிறமாகவே இறங்குகிறது.

போன் வேண்டாம் என்றால் சரி. ஆனால் ஒன்று தெரிந்துகொள். இங்கே வாரம் முழுக்க சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிற லாரியில் ஏறிக் கீழே ஊருக்குப் போனால்தான் போன் உயிர் பெறும். தபாலாபீஸ் வாசலில் நின்று அம்மாவிடம் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க மற்றவர்கள் அழுக்கைத் துவைக்கிறேன். சீக்கிரம் கழற்றச் சொல் அந்தத் தீப்பெட்டியை.

அம்மாவுக்கு என் முத்தம்.
உன் தங்கை

பிப்ரவரி 14

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

கருவியை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் போன் இப்போதைக்கு வேண்டாம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். உன் கடிதத்தில் வடிகட்டி பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன், சிரித்தாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை அதிகம் என்பது உனக்குத் தெரியும், ஆபீஸ்கள் மூடியிருக்கும்போதுதானே லிஃப்டைக் கழற்ற விடுவார்கள். அதனால் நீளமாக எழுத நேரமில்லை.

உன் அண்ணன்

மார்ச் 5

அண்ணா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

முகாம் மருந்தறையில் இருக்கிற நர்ஸிடம் பேச்சுவாக்கில் அம்மாவின் கருவியைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கூச்சமாகிவிட்டது. இந்தக் காலத்தில் அந்தக் கருவிகள் போன் வழியாகத்தான் விவரத்தையே டாக்டருக்கு அனுப்புகின்றனவாம். பக்கத்தில் போன் வைக்கக் கூடாது என்று உனக்கு யார் சொன்னது? அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒட்டி வைக்கிற வழக்கமே இல்லையாம்.

சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. போன கடிதம் ஆறே வரியில் முடிந்தபோதே எனக்குத் தட்டியது. அம்மாவுக்கு என்ன? இருக்கிறாளா? என்மேல் கோபமா அவளுக்கு? நான் புருஷனை விட்டு வந்ததற்காக யாராவது ஏதாவது சொன்னார்களா?

உண்மையை எழுது. எழுதாவிட்டால் இந்த மாதக் கடைசி ஞாயிறு கூப்பிட்டுவிடுவேன்.

உன் தங்கை

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

அம்மா இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பொய் சொன்னேன்.

உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே அந்தக் கருவியைக் கழற்றிவிட்டார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடுகிற கோடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எகிறி, தாளம் தப்பி, நெருக்கி நெருக்கி அடித்திருந்தது. இரண்டு ஞாயிறும் அப்படியே. அந்த நேரத்தில் அம்மா என்ன செய்வாள் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, தங்கை கூப்பிடுவாள் என்றேன். அவளுக்கு ஏதாவது கஷ்டமா என்றார். உன் வீட்டுக்காரன் விஷயம், நீ மலைக்கு வேலைக்குப் போனது, போனில் நீ அழுவது எல்லாவற்றையும் சொன்னேன். "மனசு கலங்குற பேச்சக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைங்க. இன்னொரு தடவ இப்படி எகிறினா நிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

நிற்கலாம் என்றால் எது நிற்கும் என்று நான் கேட்கவில்லை.

உன் குரலைக் கேட்டால் அம்மாவுக்கு ஆகாது என்று உனக்கு எப்படி எழுதுவேன், நீயே சொல். கருவிமேல் பழியைப் போட்டேன். வேலை நேரம் மாறிவிட்டதால் உன்னால் கூப்பிட முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இனி உன் இஷ்டம்.

உன் அண்ணன்

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

நான் இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுதத் தாமதம் என்று திட்டாதே. பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதலில் உன்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அழுதது நான்தானே. தபாலாபீஸ் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாரத்துக்கு ஒருமுறை என் வயிற்றெரிச்சலையெல்லாம் அவள் காதில் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். 'ம்', 'ம்' என்பாள். சில சமயம் மூச்சு வாங்குவது கேட்கும். அடுப்பு வேலையோ என்று நினைத்துக்கொள்வேன். என் பேச்சுதான் அவளை அப்படி ஆக்கியது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

நான் கூப்பிட மாட்டேன். இது சத்தியம். அவளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். எடுத்தால் அழுதுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் லாரியில் ஏறிக் கீழே போகிறேன். போனில் 'அம்மா' என்ற பெயரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

அம்மாவுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் படித்துக் காட்டு.

*அம்மா, நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் குண்டாகக்கூட ஆகிவிட்டேன். வேலை நேரம் மாறிவிட்டதால்தான் பேச முடியவில்லை. இங்கே ஒரு டிரைவர் இருக்கிறார், மலை மாதிரி உருவம். தன் காலுறை ஒன்றைச் சலவையில் தொலைத்துவிட்டோம் என்று இரண்டு நாள் கொட்டகையையே இரண்டாக்கினார். கடைசியில் அது அவர் காலிலேயே இருந்தது, ஒரே காலில் இரண்டையும் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். குழந்தை மாதிரிக் கேட்டார். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சிரி.*

உன் தங்கை

மே 17

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே குளிர்காலம் முடிந்ததா?

காலுறைக் கதையை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நன்றாகச் சிரித்தாள். அப்புறம் தாளை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுத்துல நல்லாத்தான் இருக்கா. பேச்சக் கேட்டாத்தான் எனக்குத் தெரியும்." கடைக்குப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

நீ செய்கிறது சாதாரணக் காரியம் இல்லை. எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு அதன்பிறகு மயக்கம் வரவில்லை. நிறம்கூடக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், இல்லை நான்தான் அப்படிப் பார்க்கிறேனோ என்னவோ. நீ கொடுத்த விலை வீண்போகவில்லை என்பதைப் பார்த்துவிடலாம் என்று மறுபடி ஒரு கருவியை ஒட்டச் சொல்லிக் கேட்டேன். நேற்று ஒட்டியிருக்கிறார்கள். டாக்டர் விடுமுறையில் போகிறாராம், அறிக்கை வரத் தாமதமாகும்.

தவறாமல் எழுது.
உன் அண்ணன்

ஜூலை 8, சனிக்கிழமை

அன்புள்ள வாலுக்கு,

நீ நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான். இதைப் படித்தால் இன்னும் கோபிப்பாய். கோபித்துக்கொள்.

இன்று அறிக்கை வந்தது. ஞாயிறு மதியத்துப் பாய்ச்சல் அப்படியே இருக்கிறது. நீ பேசவில்லை, அழவில்லை, கூப்பிடவே இல்லை. ஆனாலும் அதே நேரத்தில் அதே கோடு எகிறியிருக்கிறது. டாக்டருக்கே புரியவில்லை. இந்த முறை துடிப்புக்குப் பக்கத்தில் உடம்பின் அசைவையும் வைத்துப் பார்த்தார். "அந்த நேரத்துல உங்கம்மா படி ஏறுறாங்க" என்று சொன்னார். எங்கள் அம்மா வீட்டை விட்டே வெளியே போவதில்லை என்று நான் அவரிடம் சண்டைக்கே போனேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "இங்க நின்னா அவ பேச்சு பாதி பாதியா வருது. மொட்டைமாடிக்குப் போனா முழுசா வருது. நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

அவள்தான் இப்போது கூப்பிடுவதில்லையே, அப்புறம் எதற்குப் போகிறாய் என்றேன்.

"கூப்பிட்டா?" என்றாள்.

அவ்வளவுதான் வாலு. நீ பேசிய காலத்திலும் நான் வேலைக்குக் கிளம்பியதும் போனை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மூச்சு அடங்கியதும்தான் உன் போனை எடுப்பாளாம். நாம் நிறுத்திய பிறகும் ஒரு ஞாயிறு விடாமல் போயிருக்கிறாள். உன் குரலில் ஒரு குற்றமும் இல்லை. படிக்கட்டில்தான் குற்றம். உடனே டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். 'தாராளமாப் பேசட்டும், படி மட்டும் ஏற வேண்டாம்' என்றார். நான் ஒரு முட்டாள். உன்னைத்தான் எகிறும் கோடு என்று நினைத்துவிட்டேன்.

நாளை வீட்டில் இருந்து உங்கள் இருவரையும் பேச வைக்க ஆசை. ஆனால் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டின் கம்பி வடம் மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறேன், அந்தக் குழிக்குள் போனும் எடுக்காது. அம்மாவே உன்னைக் கூப்பிடுவாள். எடுக்க மாட்டேன் என்று நீ எழுதியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவள் பெயரைப் பார்த்துவிட்டு உன்னால் எடுக்காமல் இருக்க முடியாது. கூடத்து ஜன்னலருகே நின்றால் கொஞ்சம் கிடைக்கிறது, அங்கிருந்துதான் பேச வேண்டும், மாடி ஏறக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். இப்போதே நாளைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், போனில் தெரியுமா என்ன. இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள். என் முட்டாள்தனத்தை வாயால் சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்

ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? கீழே ஊரில், தபாலாபீஸ் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை வரும்போல் இருக்கிறது, லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். இங்கேயே தபாலில் போட்டுவிடுகிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. எழுதினால் பேசத் தோன்றுகிறது, அதனால்தான் எழுதவில்லை. இன்று அம்மா கூப்பிட்டாள் அண்ணா. அவளே கூப்பிட்டாள். திரையில் 'அம்மா' என்று வந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. இந்தத் தடவை விடாமல் அடித்தது, நிற்கும், உடனே மறுபடி அடிக்கும். போனை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அடிக்கும்போதெல்லாம் அது அதிர்வது உடம்பெல்லாம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எடுத்துப் பேசம்மா என்றாள். எங்கம்மாவுக்கு ஆகாது என்றேன்.

நீ பெருமைப்படலாம். ஒரு விரல் தொட்டிருந்தால் போதும், அவள் குரல் வந்திருக்கும். தொடவில்லை. என் அம்மா உயிரோடு இருக்க நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான், அதைச் செய்துவிட்டேன். வேலையில் மாட்டிக்கொண்டேன் என்று அவளிடம் சொல். வருத்தப்பட விடாதே.

உன் தங்கை

ஜூலை 30

அன்புள்ள வாலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் இருக்கிறேன்.

முகாம் ஆபீஸ் வயர்லெஸில் செய்தி சொன்னவர் உன்னிடம் பக்குவமாகச் சொன்னாரா? அந்த இரவே மழையில் மலை ரோடு விழுந்துவிட்டது என்றார்கள். நீ வந்துவிடுவாய் என்று முடிந்தவரை காத்திருந்தேன். அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். உன் பேரைச் சொல்லித்தான் அழுதார்கள்.

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் அதன்பிறகு வந்தது. படித்தேன்.

அம்மா கட்டிலில்தான் போனாள். நான் வேலை முடிந்து வந்தபோது தூங்குவதுபோல் இருந்தாள். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. டாக்டரும் எப்படியும் ஆகியிருக்கும் என்றுதான் சொன்னார். உன்னைக் கூப்பிட்டது கைதவறி அழுத்தியதாகத்தான் இருக்கும், அவளுக்குத்தான் கண் தெரியாதே. நீ எடுக்காததில் ஒன்றுமில்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய்.

இன்னொன்று. ரோடு விழுவதற்கு முன்னால் சனிக்கிழமை உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அது கீழே தபாலாபீஸில் எங்காவது கிடக்கும். கைக்கு வந்தால் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடு. அதில் ஒன்றுமில்லை, ஏதோ உளறியிருக்கிறேன்.

சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.
உன் அண்ணன்

ஆகஸ்ட் 18

அண்ணா,

நீ சாப்பிடுகிறாயா? வீட்டில் தனியாகத்தானே இருக்கிறாய்.

கிழிக்கச் சொன்ன கடிதம் கைக்கு வந்துவிட்டது. ரோடு திறந்த முதல் லாரியில் இரண்டும் சேர்ந்தே வந்தன. தேதி பார்த்து முன்னதை முதலில் படித்தேன்.

கட்டிலில் என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னைக் கேட்கப் போவதில்லை, நீயும் மறுத்து எழுத வேண்டாம். முதல் தடவை அவள் ஜன்னலருகே நின்று கூப்பிட்டாள். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். நான் எடுக்கவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாள், அவள் என்னைப் பற்றி வேறு என்ன நினைப்பாள். அப்புறம் மாடிக்கு ஏறினாள். இரண்டாவது முறை அடித்தது அங்கிருந்துதான். நான் போனை அணைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. டாக்டரிடம் யோசிக்காமல் என் பேரைச் சொன்னாயே என்று இருக்கிறது. ஆனால் நீ சொன்னதை நானும்தானே ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். மூச்சு வாங்குகிறதே, எங்கே நின்று பேசுகிறாய் அம்மா என்று ஒருதரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளுக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் அது நம்மால்தான் என்று நினைக்கவே நாம் இரண்டு பேரும் தயாராக இருந்தோம். நம் இடத்தில் வேறு யாராவது இருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

ரோடு திறந்த பிறகு கீழே போய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான். ஆனால் கட்டிலில் என்று நீ எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய், அவளை எங்கே கண்டாய் என்பதை நீ ஒருவனாகவே சுமந்துகொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். அது வேண்டாம் அண்ணா.

இனி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். இந்தக் கடிதம் வந்த பிறகு வரும் ஞாயிறு நீ வேலைக்குப் போகாதே. மதியம் கூப்பிடுவேன். நான் அழுவேன். அதனால் உனக்கு ஒன்றும் ஆகிவிடாது, போனை எடு.

உன் தங்கை